சாட்சி சொல்ல ராஜத்திடம் ஒன்றுமில்லை

(தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணித் தண்ணீரில் வாழை போடும் ஒரு கிராமம். அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி. மறுநாள் அசனத்துக்காக, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்காக, கோயிலுக்குப் பின்னால் ஒரு சாக்கு சின்ன வெங்காயத்தோடு ராஜமும் அவளுடைய அண்ணன் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

ராஜம்: மதினி, நாளைக்கு ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லிவிட்டார் சபை ஐயர். தலைப்பு வேறு கொடுத்திருக்கிறார், "கர்த்தருக்குள் மகிழ்ச்சி" என்று. அப்போதிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

மதினி: நல்ல தலைப்புதானே. சொல்லு.

ராஜம்: எதைச் சொல்ல? கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்கிற சாட்சி என்றால் கடைசியில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்தது, டாக்டர் கைவிட்ட மனுஷன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார், இப்படி ஏதாவது. எனக்கு என்ன கிடைத்தது? வீட்டுக்காரருக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, நகை பேங்கில் இருக்கிறது, மகன் திருப்பூரிலிருந்து பணத்துக்காகத்தான் போன் செய்கிறான், அவன் அனுப்புவதற்கு இல்லை, நான் அனுப்புவதற்கு. இதில் எந்த இடத்தில் நான் அல்லேலூயா சொல்ல?

மதினி: முடிகிற வரைக்கும் ஏன் காத்திருக்கிறாய்? பாதியிலேயே சொல்லு.

ராஜம்: பாதியில் நிறுத்தினால் அப்புறம் என்ன ஆச்சு என்று சபையே என் மூஞ்சியைப் பார்க்குமே!

மதினி: 13-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். மொத்தமே 6 வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தாவீது ஆரம்பிக்கிறார், முதல் 4 வசனமும் குறையும் கெஞ்சலும்தான். கடைசியில் பாடுவேன் என்கிறார். நடுவில் பகைவன் ஊரைவிட்டுப் போனான் என்றோ வட்டி தள்ளுபடி ஆனது என்றோ ஒரு வரிகூடக் கிடையாது.

ராஜம்: அவர் ராஜா, கடவுளிடம் நேராகக் கேட்கலாம். நான் கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள். போன வாரம் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா பிடித்துக்கொண்டார்கள், "ஏன் முகம் வாடியிருக்கு, விசுவாசிக்கு இது அழகா" என்று. என்ன சொல்வதென்று தெரியாமல் பல்வலி என்றேன். உடனே என் தாடையைப் பிடித்து பல்லுக்கு ஒரு நீண்ட ஜெபம். பல்லுக்கு ஒன்றுமே இல்லை மதினி. நான் ஆமென் வேறு சொன்னேன்.

மதினி: அப்படியானால் பல் நன்றாக இருக்கிறது என்று சாட்சி சொல்லிவிடு.

ராஜம்: உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறது.

மதினி: ஏளா, அழுகிறாயா?

ராஜம்: வெங்காயம்.

மதினி: நீ உட்கார்ந்ததிலிருந்து ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை. சரி, அதை விடு. வெள்ளம் வந்த வருஷக் கிறிஸ்மஸ் ஞாபகம் இருக்கிறதா?

ராஜம்: மறக்குமா? 2023 டிசம்பர் 17. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் என்றார்கள், நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான ஜனத்தோடு அப்படியே நின்றுபோனது. நம் வாழை மொத்தமும் படுத்துவிட்டது. என் இரண்டு ஆடும் ஆற்றோடு போய்விட்டன, அதில் ஒன்று சினை.

மதினி: அந்தக் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு என்ன சேலை கட்டினாய்?

ராஜம்: நிவாரணத்தில் வந்ததுதான். மஞ்சளில் பச்சைப் பூ. உங்களுக்கும் அதே சேலை. பாடகர் குழுவில் பாதிப் பேருக்கும் அதே சேலை. எந்த நிறத்தில் யூனிபார்ம் எடுப்பது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்ட குழு அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரே மாதிரி நின்றது.

மதினி: பாட்டு எப்படி இருந்தது?

ராஜம்: கரண்ட் இல்லை, கீபோர்டு சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. ஆளாளுக்கு ஒரு சுருதி. ஆனால் மதினி, அப்படி நான் அதுக்கு முன்னாலும் பாடினதில்லை, பின்னாலும் பாடினதில்லை. வீட்டுக்குப் போனால் பின்சுவர் இல்லை, அடுப்பில் வைக்க ஈர விறகுதான், அதெல்லாம் தெரிந்தும் உள்ளே ஏதோ ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆட்டுக்காக அழுதுகொண்டேதான் பாடினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதினி: இதைத்தான் நாளைக்குச் சொல்லு.

ராஜம்: ஆடு திரும்பி வரவில்லையே!

மதினி: ஆபகூக் தீர்க்கதரிசிக்கு மட்டும் வந்ததா? "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, கடைசியில் தொழுவத்து மாடுவரைக்கும் கணக்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார்.

ராஜம்: ஆட்டையும் சொல்லியிருக்கிறாரா? அப்படியானால் எனக்கும் வரும். வாழை படுத்துவிட்டாலும், சினை ஆடு ஆற்றோடு போனாலும், நகை பேங்கிலேயே இருந்தாலும், அவருடைய முட்டு மடங்காமற்போனாலும், மகன் மாசம் இரண்டு தடவை பணம் கேட்டாலும், ரேஷன் கடையில் கைரேகை விழாமற்போனாலும்...

மதினி: போதும், ஆபகூக் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

ராஜம்: இன்னும் ஒன்றே ஒன்று. பாடகர் குழுவில் அந்தப் பொம்பளை என் பக்கத்தில் வந்து நின்றாலும்.

மதினி: அதைச் சேர்க்காதே.

ராஜம்: ஏன் சேர்க்கக் கூடாது? என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த அண்டா. வாங்கிக்கொண்டு போய் நெளித்துக் கொடுத்தாள், கேட்டால் முதலிலேயே நெளிந்துதான் இருந்தது என்கிறாள். என் ஆத்துமாவில் சந்தோஷம் தங்காததற்குப் பாதிக் காரணம் அவள்தான்.

மதினி: பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபம், 4-ஆம் அதிகாரம். 4-ஆம் வசனம் உனக்குத் தெரியும், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்". இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது தெரியுமா? எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், ஒரே சிந்தையாய் இருங்கள் என்று பெயரைச் சொல்லியே பவுல் புத்தி சொல்கிறார். அதுவும் சிறைக்காவலில் இருந்துகொண்டு.

ராஜம்: காவலில் இருக்கிறவருக்கு இந்தக் கவலை எதுக்கு? அவர்களுக்குள் என்ன சண்டை?

மதினி: அது எழுதியில்லை.

ராஜம்: அண்டாவாகத்தான் இருக்கும்.

மதினி: இரண்டு பேரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பாடுபட்டவர்கள் என்றும் சொல்கிறார். சமாதானம் பண்ண ஒரு கூட்டாளியையும் நடுவில் ஏற்பாடு செய்கிறார். ஆனால் சண்டை தீரட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம் என்று சொல்லவில்லை பார்.

ராஜம்: இரண்டாயிரம் வருஷமாக அந்த இரண்டு பேர் பெயரையும் உலகம் முழுக்கக் கோயிலில் வாசிக்கிறார்களே மதினி, என்ன ஒரு அவமானம். நல்லவேளை பவுல் நம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

மதினி: பவுல் வரவில்லை. ஆனால் அவள் வருகிறாள், அங்கே பார். முறத்தை எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கத்தான் வருகிறாள் போல. இங்கே கூப்பிடட்டுமா?

ராஜம்: ...

மதினி: ராஜம்?

ராஜம்: கூப்பிடுங்கள். கத்தி மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.