பள்ளிக்கூடத்து மெஷினும் பிள்ளைகள் பல்லும்

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். அம்மாவின் பல்லில் இருக்கும் கறை வெற்றிலைக் கறை இல்லை. சின்ன வயசில் குடித்த ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் கொடுத்தது. அதே தண்ணீரால் பெரியப்பாவுக்கு முட்டி மடங்காது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிறைய மாறியது, உண்மைதான். ஆனால் அது வராத நாளில் இன்றும் போர் தண்ணீர்தான்.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் மெஷின் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். ஃபுளோரைடிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று அந்த வீடியோ சொல்கிறது. மெஷினைத் திறந்து பார்த்தேன். கார்பன் ஃபில்டர், ஒரு யு.வி. விளக்கு, அவ்வளவுதான். யு.வி. கிருமியைக் கொல்லும். தண்ணீரில் கரைந்து கிடக்கும் ஃபுளோரைடை அது ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வேண்டும், இல்லை ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் வேண்டும். இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட முடியாது, வருஷா வருஷம் செலவு இருக்கிறது.

முன்பெல்லாம் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒகேனக்கல் தண்ணீரை பாட்டிலில் கொண்டுபோவார்கள். இப்போது மெஷினை நம்பி வெறும் பாட்டிலோடு போகிறார்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமாடா" என்றார் மாமா. நம்ம பிள்ளைங்க பல்லைப் பாக்கணுமே மாமா! அதோடு இது தானமே இல்லை. 2013 கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு: வருஷ நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே கம்பெனி அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். கடைசி மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆக வேண்டும். தன் பொருளுக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவை அந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று 2021 திருத்த விதி தெளிவாகவே சொல்கிறது. கும்பிட்டு வாங்க வேண்டிய இடத்தில் நாம் இல்லை. கேள்வி கேட்கலாம்.

இந்த வாரம் நானும் இரண்டு பெற்றோரும் மெஷினுக்குள் போகும் தண்ணீர் ஒரு பாட்டில், வெளியே வருவது ஒரு பாட்டில் பிடித்து தருமபுரி குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கப் போகிறோம். ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் அதிகபட்ச அளவு. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைப்பேன். அதுவரை தயவுசெய்து பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ஒகேனக்கல் தண்ணீரையே கொடுத்து அனுப்புங்கள்.