ஏற்காடு படத்தில் இருப்பது பூமியின் வளைவு அல்ல

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தைப் பார்த்து எடுத்த அகலப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தொடுவானம் வில்லாக வளைந்திருக்கிறது. 'பூமி உருண்டை என்பது நம்ம ஏற்காட்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறது' என்கிறது குறிப்பு. பூமி உருண்டைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வளைவு பூமியுடையது இல்லை.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். வளைவு வெறும் கண்ணுக்குப் பிடிபட விமானம் பறக்கும் உயரம், அதாவது ஏறக்குறைய 35,000 அடி (சுமார் 10,700 மீட்டர்) வேண்டும்.

அப்படியானால் இது எப்படி வந்தது? பல படங்களைப் பக்கம்பக்கமாக ஒட்டி இப்படி அகலப் படம் ஆக்கும்போது, கேமரா மட்டமாக இருந்ததாக மென்பொருள் வைத்துக்கொள்கிறது. ஊர் தெரிய வேண்டுமென்று கேமராவைக் கீழே சாய்த்திருந்தால், தொடுவானத்தின் நடுப்பகுதி மேலேறி, இரு ஓரமும் தாழ்ந்துவிடும். அதே படத்தின் அடியில் உள்ள தடுப்புக் கம்பியைப் பாருங்கள்: நேரான கம்பி நடுவில் தொய்ந்து, எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கிறது. பூமி வளைந்ததால் கம்பி வளையுமா? பிள்ளைகளுக்குத் தவறான சான்றைக் காட்டுவதுதான் எனக்கு வருத்தம்.

சரிசெய்வது எளிது. ஹகின் என்ற இலவச மென்பொருளில் தொடுவானத்தின் மேல் சில புள்ளிகளைக் கிடைக்கோடாகக் குறித்து மறுபடி ஒட்டினால், வில் நிமிர்ந்துவிடும். கம்பியின் தொய்வு மட்டும் போகாது; அது அகலக் காட்சியைத் தட்டையாக விரிப்பதால் வருவது, கேமரா சாய்வால் அல்ல.