நூறு நாள் வேலையால்தான் ஓட்டலுக்கு ஆள் இல்லையா?

"நூறு நாள் வேலை எல்லாரையும் சோம்பேறி ஆக்கிவிட்டது, ஓட்டலில் டேபிள் துடைக்கக்கூட ஆள் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

கணக்கு உதைக்கிறது. அந்தத் திட்டம் கிராமங்களுக்கு மட்டும். சென்னைவாசிக்கு அதில் இடமே கிடையாது. 2024-25 கணக்குப்படி நூறு நாள் என்பதும் ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு, அதுவும் வருடத்துக்கு. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்தாலே 31,900தான். மாதத்துக்கு 2,700கூடத் தேறாது. இதை நம்பி எந்த இளைஞன் வேலையை விடுவான்? அங்கே மண்வெட்டி பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

ஓட்டல் பையன் கதை வேறு. விடியற்காலையில் எழுந்தால் ராத்திரி வரை எச்சில் தட்டு, மொட்டைமாடியில் படுக்கை, நாள் முழுக்க "டேய்". அவன் இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அதிலும் பெரிய காசில்லை. ஆனால் "டேய்" கொஞ்சம் குறைவு.