பி0302 வந்தால் ஸ்பார்க் பிளக்தான் காரணமா?

ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மட்டும் ஓடுகையில்) குலுங்கும் பழைய பெட்ரோல் காரில் பி0302 (P0302) என்ற பிழைக் கோடு (code) வந்தால் இரண்டாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வதுண்டு. அது முழுக்கச் சரியல்ல.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு (ECU) கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டரின் முறை வரும்போது வேகம் லேசாகத் தொய்ந்தால், அங்கே எரிதல் தவறிவிட்டது என்று பதிவு செய்யும். கோடு சொல்வது இடத்தை மட்டும்தான். காரணம் பிளக்காக இருக்கலாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அந்தப் பக்கத்து இன்டேக் கேஸ்கெட்டில் (காற்று நுழையும் பாதையின் இணைப்பை அடைக்கும் தகட்டில்) காற்றுக் கசிவு, சரியாக மூடாத வால்வு என்று வேறாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறியபின் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றுங்கள். பதிவான பிழைக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டருக்கான கோடு, வந்தால் குறை காயிலில்தான். பி0302 அப்படியே நின்றால் பிளக்கையும் அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் அடுத்து இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை).

ஒன்று மட்டும் கவனம்: செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சோதனைக்காகக்கூட ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.