பிள்ளை பெற்றவள் தலையில் பழியைக் கட்டாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கமிட்டித் தலைவர் மைக்கில் பேசியதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கே இல்லாதவர்களுக்கும் இந்நேரம் வாட்சப்பில் வந்திருக்கும். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க உடம்பைப் பார்த்துக்கறதில்ல, அதான் பிள்ளை தங்கல." வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கைதட்டல் வேறு.

பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 1.9 மில்லியன் குழந்தைகள் இறந்து பிறக்கின்றன. நூற்றுக்கு 40க்கு மேல், வலி எடுத்தபோது உயிரோடு இருந்த பிள்ளைகள். நேரத்துக்குக் கவனித்திருந்தால் அதில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். நம் மலேசியாவில் 1991 முதல் தாய் மரணங்களைத் தனியாக விசாரிக்கிறார்கள், யாரைத் திட்டலாம் என்று பார்க்க அல்ல, கவனிப்பு எங்கே தவறியது என்று பார்க்க. நம் மண்டபத்து விசாரணை ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"கிளினிக் பக்கத்துலதானே இருக்கு" என்பீர்கள். டவுனில் இருக்கிற உங்களுக்குப் பக்கம். உள்தோட்டத்தில், ராத்திரியில்? என் அண்ணிக்கு ரத்த அழுத்தம் ஏறி, கிளினிக் புத்தகத்தில் ஆபத்தைக் காட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். செம்பனை வெட்டுகிற அண்ணன் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. தள்ளிப் போனது. ஒருநாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஐஸ் தண்ணி குடி, தூங்குது என்றார்கள். மறுநாள் மிஸ்ஸி, அதான் நர்ஸ், வயிற்றில் இதயத் துடிப்பு கேட்கும் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார், அப்புறம் சத்தத்தைக் குறைத்துவிட்டார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் எல்லாம் பிள்ளை அழுகிறது, அண்ணிக்குப் பால் கட்டி வலிக்கிறது, என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்தால், "சாவு வீட்டுக்குப் போனியா?" என்று கேள்வி.

"எல்லாத்தையும் தடுக்க முடியுமா, விதி" என்பவர்களுக்கு: சரி, காரணமே தெரியாமல் போகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஏறின ரத்த அழுத்தம் விதி இல்லை. சர்க்கரை விதி இல்லை. பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தம் விதி இல்லை, அதற்கு ஊசி இருக்கிறது. அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஓட வேண்டும், இதை அந்த மைக்கில் சொல்லியிருக்கலாமே! "ஆம்பளைங்களையே குறை சொல்ற" என்கிறவர்களுக்குப் பதில் கிடையாது, போய் தே தாரிக் குடியுங்கள்.

கமிட்டிக்கு வேன் இருக்கிறது. சாவு வீட்டுக்கு நாற்காலி ஏற்ற நடுராத்திரியிலும் வருகிறது, நல்ல விஷயம்தான். பிள்ளைத்தாச்சிக்கு வருமா? சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் தலைவரே, எத்தனை மணியானாலும் நானே வந்து கதவைத் தட்டுகிறேன்.