செகண்ட் மேட் ஓரலில் சேலத்துப் பையன்கள் எங்கே மாட்டுகிறார்கள்?

கப்பலில் டெக் அதிகாரி ஆவதற்கான செகண்ட் மேட் தேர்வுக்குப் படிக்கும் சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கத்துத் தம்பிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பதிவு. எழுத்துத் தாள்களில் தேறிவிட்டு ஓரலில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொண்டால், "நம்ம ஊர்ல கடலே இல்லையே" என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். அது வெறும் சாக்கு. பழைய வினாத்தாள், மாதிரி விடை, அப்படியே ஒப்பித்தல் என்று பள்ளியில் பழக்கிவிட்ட படிப்பு முறைதான் உண்மையான காரணம். ப்ளஸ் டூவில் மார்க் வாங்கித் தந்த அந்த வித்தை எம்.எம்.டி. (அரசின் வணிகக் கப்பல் துறை) சர்வேயரின் மேஜை முன்னால் எடுபடாது.

ஆர்.ஓ.ஆரையே, அதாவது கப்பல்களுக்கான சாலை விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் பையனுக்கு வரி பிசகாமல் தெரியும். சர்வேயர் அதோடு விடமாட்டார். இரண்டு பொம்மைக் கப்பல்களை நகர்த்தி வைத்து, "மூடுபனி. ரேடார்ல போர்ட் பக்கம் முப்பது டிகிரில ஒரு எக்கோ. பேரிங் மாறல, தூரம் குறையுது. என்ன செய்வ?" என்பார். போர்ட் என்றால் இடது பக்கம், பேரிங் என்றால் அந்தக் கப்பல் இருக்கும் திசை. "நான் ஸ்டாண்ட்-ஆன் வெசல் சார், கோர்ஸையும் ஸ்பீடையும் மாத்த மாட்டேன்" என்று பதில் வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஸ்டாண்ட்-ஆன் (போக்கை மாற்றாதது), கிவ்-வே (வழிவிட வேண்டியது) எல்லாம் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் கப்பல்களுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாதபோது 19ஆம் விதி. அதில் ஸ்டாண்ட்-ஆன் கப்பல் என்று ஒன்றே கிடையாது.

முதலில் வாயிலிருந்து வரவேண்டியது, "எதிர்க் கப்பல் கண்ணுக்குத் தெரிகிறதா சார்?" என்ற கேள்வி. இல்லை என்றால் கேப்டனைக் கூப்பிடுவது, கூடுதல் லுக்-அவுட், கைச் சுக்கான், சேஃப் ஸ்பீடு, எஞ்சின் தயார் நிலை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒவ்வொரு நீண்ட ஹாரன். நீண்டது என்றால் 4 முதல் 6 விநாடி. பிறகு பிளாட்டிங் (எதிர்க் கப்பலின் போக்கை ரேடாரில் குறித்துக் கணக்கிடுவது). பீமுக்கு (நம் கப்பலின் நேர் பக்கவாட்டுக்கு) முன்னால் இருக்கும் கப்பலுக்காக, அதை நாம் ஓவர்டேக் செய்யவில்லை என்றால், போர்ட் பக்கம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். ஸ்டார்போர்டில் (வலது பக்கம்) இடம் இருக்கிறதா என்று பார்த்து, ரேடாரில் பளிச்சென்று தெரியும்படி பெரிதாகத் திரும்ப வேண்டும். ஐந்து ஐந்து டிகிரியாகத் திருப்புவேன் என்பவரை எந்த சர்வேயரும் பாஸ் போட மாட்டார், போடவும் கூடாது. வீட்டில் இரண்டு தீப்பெட்டியை வைத்து, யாராவது இப்படிக் கேள்வி கேட்க, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழக வேண்டும். மனதுக்குள் படித்தது ஓரலில் வாய்க்கு வராது.

விளக்குகளில் அடிக்கடி தவறுவது இரண்டு சிவப்பு. மேலும் கீழுமாக இரண்டு ஆல்-ரவுண்ட் (எல்லாத் திசையிலும் தெரியும்) சிவப்பைப் பார்த்ததும் "நாட் அண்டர் கமாண்ட்" (என்.யு.சி., கட்டுப்பாட்டில் இல்லாத கப்பல்) என்று அவசரப்படுகிறார்கள். கூடவே ஆங்கர் விளக்கு இருந்தால் அது தரைதட்டிய கப்பல். சைடு லைட் தெரிந்தால் என்.யு.சி., அதுவும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நின்றுவிட்டால் சைடு லைட்டும் ஸ்டெர்ன் (பின்புற) லைட்டும் அணைந்திருக்க வேண்டும்.

இனி, சூரியனைப் பார்த்து லாட்டிட்யூட் கண்டுபிடிக்கும் கணக்கு. இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. நம் ஊர் லாட்டிட்யூட் சுமார் 11°39′ வடக்கு. ஜூன் 21 அன்று சூரியனின் டெக்ளினேஷன் (பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே, தெற்கே என்ற கோணம்) 23°26′ வடக்கு. அதாவது அன்று உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஜெனித் டிஸ்டன்ஸ் (தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம்) 11°47′. டெக்ளினேஷனிலிருந்து இதைக் கழித்தால் 11°39′, சேலம். எப்போதும் சூரியன் தெற்கேதான் என்று நினைத்துக் கூட்டினால் 35°13′, ஸ்ரீநகரையும் தாண்டிப் போய்விடுவீர்கள். விடைத்தாளில் நடப்பது இதேதான். கணக்கு சரியாக இருக்கும், வடக்கு, தெற்கு என்று பெயர் வைப்பதில் தவறு.

ஒரு மீட்டர் கம்பியை மொட்டை மாடியில் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். ஜூன் 21 பகல் 12 மணி 19 நிமிடத்துக்கு நிழல் தெற்குப் பக்கமாக 21 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 21ஆம் தேதி உச்சிவேளை நிழல் வடக்கே 70 சென்டிமீட்டர். உச்சிவேளை நிழல் சரியாகப் பன்னிரண்டுக்கு ஏன் விழவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். நம் நேரம் 82°30′ கிழக்குக்கானது, சேலம் இருப்பது 78°09′. அந்த வித்தியாசமே 17 நிமிடம் 24 விநாடி. மீதி ஈக்வேஷன் ஆஃப் டைம் (சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள, நாளுக்கு நாள் மாறும் வித்தியாசம்). அதனால்தான் நவம்பர் தொடக்கத்தில் உச்சி 12:01க்கும், பிப்ரவரி நடுவில் 12:32க்கும் வருகிறது. இதைக் கண்ணால் பார்த்தவனுக்கு மெரிடியன் பாஸேஜ் (சூரியன் உச்சிக்கு வரும் நேரம்) கணக்கு மறக்காது.

செக்ஸ்டன்ட் (கோணம் அளக்கும் கருவி) கிடைத்தால் கடல் இல்லாமலும் சூரியனின் உயரம் எடுக்கலாம். தட்டில் எண்ணெய் ஊற்றி, சூரியனையும் அதன் பிம்பத்தையும் சேர்க்க வேண்டும். இண்டெக்ஸ் எரரை (கருவியின் பிழையை) சரிசெய்துவிட்டுப் பாதியாக்க வேண்டும், டிப் (கண் மட்ட உயரத்துக்கான) திருத்தம் கிடையாது. ஆனால் ஜூனில் முயலாதீர்கள். உயரம் 78 டிகிரி, இரட்டிப்பாகும்போது 156. சாதாரண செக்ஸ்டன்டின் ஆர்க் (அளவுகோல்) அவ்வளவு வராது. டிசம்பரில் 110 டிகிரிக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஷேடு (கருமையான கண்ணாடி) போடாமல் பார்த்தால் கண் போய்விடும், கவனம்.

ஏற்காட்டிலிருந்து கடல் தெரியும் என்று சிலர் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடுவானத் தூரம் கடல் மைலில் 2.08 பெருக்கல் உயரத்தின் வர்க்கமூலம். சேர்வராயன் உச்சிக்கு 1,620 மீட்டர் என்று வைத்தால் 84 மைல், ஏறக்குறைய 155 கிலோமீட்டர். கடலூர் கரை நேர்கோட்டிலேயே 170. தெரியாது.

சார்ட் ஒர்க்கில் (கடல் வரைபடக் கணக்கில்) ஒன்றே ஒன்று சொல்கிறேன். டீவியேஷன் கார்டில் (கப்பலின் இரும்பால் திசைகாட்டிக்கு வரும் பிழையின் அட்டவணையில்) பார்க்க வேண்டியது கப்பலின் ஹெட்டிங்கை, அதாவது முன்பக்கம் நோக்கும் திசையை. கலங்கரை விளக்கின் பேரிங்கைக் கொண்டு டீவியேஷன் எடுத்தால் பொசிஷன் மொத்தமும் தப்பு. பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெற்றோருக்கு: கல்லூரிக்கோ ஏஜெண்டுக்கோ ஒரு ரூபாய் கட்டும் முன், டி.ஜி. ஷிப்பிங் (கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் பையனின் நிறப் பார்வையைச் சோதியுங்கள். இஷிஹாரா புத்தகத்தின் புள்ளி எண்களைப் படிக்க முடியவில்லை என்றால் டெக் பக்கம் வேண்டாம். போர்ட் விளக்கு சிவப்பு, ஸ்டார்போர்ட் பச்சை. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவரை பிரிட்ஜில் நிறுத்த மாட்டார்கள், கண்ணாடி போட்டாலும் அது சரியாகாது. அந்தக் கல்லூரி டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அவர்கள் தளத்திலேயே பாருங்கள், ஏஜெண்ட் காட்டும் ஜெராக்ஸில் அல்ல.