பெரிய ஃபிளைட் வந்தால் குலுக்கல் நின்றுவிடுமா?

தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்ததிலிருந்து எங்கள் சொந்தபந்தங்களுக்குள் ஒரே பேச்சு: "இனிமே பெரிய ஃபிளைட் வரும், குலுக்கல் தொல்லை விட்டது." ஏடிஆர் என்னும் சின்னப் புரொப்பெல்லர் விமானத்துக்குப் பயந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயிலே போதும் என்று இருப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. என் அத்தை அதில் முதல் ஆள். "காத்தாடி வச்ச ஃபிளைட்டுல உசுரக் கையில புடிச்சுக்கிட்டு உக்கார என்னால ஆவாது" என்பார்.

பெரிய விமானம் குறைவாகக் குலுங்கும், சரிதான். ஆனால் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பெரியது பாதுகாப்பானது, சின்னது ஆபத்தானது என்று தாவுகிறோமே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. என்னைக் கேட்டால், டர்புலன்ஸ், அதாவது காற்றுக் கொந்தளிப்பு விஷயத்தில் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள் பெரிய விமானத்தில் போகிறவர்கள்தான்.

முதலில் குலுக்கல் கணக்கு. மேலெழும் காற்று திடீரென்று இறக்கையில் மோதினால் விமானம் எவ்வளவு துள்ளும் என்பது, இறக்கையின் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஏடிஆர் 72-600 முழுச் சுமையோடு 23 டன். இறக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 375 கிலோ சொச்சம். ஏர்பஸ் ஏ320-க்கு இதே கணக்கு 630-ஐத் தாண்டும். போயிங் 777-300ஈஆருக்கு ஏறக்குறைய 800. சுமை குறைந்த இறக்கையைக் காற்று எளிதாகத் தூக்கிப் போடும். வேகமும் இதில் சேர்த்திதான்; ஏடிஆர் மெதுவாகப் போவதால் அடி கொஞ்சம் மட்டுப்படும். பெரிய ஜெட்டிலும் முன்னால் கொந்தளிப்பு என்று தெரிந்தால் கேப்டன் வேகத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு மாடி ஏ380, 575 டன், உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானம். அதன் கணக்கு 680தான், 777-ஐ விடக் குறைவு. ஆனாலும் அதில் போனவர்கள் மெத்தையில் போனதுபோல் இருந்தது என்கிறார்கள். காரணம் இறக்கையின் நீளம். தூத்துக்குடிக் கடலில் வள்ளத்தைத் தூக்கிப் போடுகிற அலை, துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலுக்குத் தெரிவதே இல்லை. கப்பல் ஒரே நேரத்தில் பல அலைகள் மேல் கிடக்கிறது. ஒன்று தூக்க, இன்னொன்று இறக்க, மொத்தத்தில் சமன். 80 மீட்டர் நீள இறக்கைக்குச் சின்னச் சின்னக் காற்றுச் சுழல்கள் அப்படித்தான். ஏடிஆருக்கு அது 27 மீட்டர். போதாததற்கு 787, ஏ350 போன்றவற்றில், காற்றின் அடியை உணர்ந்ததும் இறக்கையின் மடல்களைக் கணினியே அசைத்துத் துள்ளலைக் குறைத்துவிடும்.

அப்புறம் உயரம். ஏடிஆரின் உச்சவரம்பு 25,000 அடி. ஜெட் 35,000 அடிக்கு மேல் ஏறிச் சாதாரண மேகங்களைத் தாண்டிவிடும். சித்திரை வெயிலில் சூடேறிய தரையிலிருந்து கிளம்பும் காற்று, மதியம் வளரும் மேகம், இதற்குள்தான் ஏடிஆர் பயணம் முழுக்கப் போக வேண்டியிருக்கிறது. நாம் திட்டும் குலுக்கலில் பாதிப் பழி விமானத்தின் அளவைச் சேராது, அது பறக்கும் உயரத்தைச் சேரும். நாளைக்கு தூத்துக்குடிக்கு ஏ320 வந்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே காற்றுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். சென்னையிலிருந்து மொத்தப் பயணமே ஒன்றரை மணி நேரத்துக்குள் என்னும்போது, ஏற்றமும் இறக்கமும் அதில் சின்னப் பங்கில்லை.

குலுக்கல் என்பது காற்றின் குணம் மட்டுமில்லை என்பது விமானிகளுக்குத் தெரியும். டர்புலன்ஸ் பற்றி அவர்கள் தரும் அறிக்கையில் என்ன வகை விமானம் என்பதும் இருக்கும். ஜெட்காரர் 'லேசானது' என்று சொன்ன இடம் சின்ன விமானத்துக்குப் பெரும் பாடாக இருக்கலாம். அதனால்தான் ஈடிஆர் என்று ஓர் அளவு இப்போது புழக்கத்தில் இருக்கிறது. விமானம் எவ்வளவு ஆடியது என்பதை விட்டுவிட்டு, காற்று எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

சரி, பாதுகாப்பு? பயணிகள் விமானங்களின் உடற்கட்டுக்கான விதியில் ஏடிஆருக்கு ஒன்று, 777-க்கு ஒன்று என்று கிடையாது. இரண்டும் புவியீர்ப்பைப்போல் இரண்டரை மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அந்தச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கு வந்தாலும் உடையாத வலிமை வேண்டும். ஆட்டம் அதிகம் என்பதால் இறக்கை பலவீனம் என்று ஆகாது.

இப்போது பெரிய விமானத்துக்கு வருவோம். 2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777-300ஈஆர், மியான்மர் வானில் 37,000 அடியில் இருந்தது. பெல்ட் விளக்கு எரிந்து 8 நொடிதான் ஆனது. அடுத்த 0.6 நொடிக்குள் உடல் எடை தலைகீழானது. பெல்ட் போடாதவர்கள் கூரைக்குப் பறந்தார்கள். பிறகு அதே வேகத்தில் கீழே விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பிலும் தலையிலும் காயம். விமானம் இறங்கியது எவ்வளவு தெரியுமா? 4.6 நொடியில் 178 அடி. வாட்ஸ்அப்பில் வந்த 'ஆறாயிரம் அடி விழுந்தது' கதையெல்லாம், அதற்குப் பிறகு விமானி கட்டுப்பாட்டோடு இறக்கிய உயரம்.

800 கிலோ கணக்கு அங்கே காப்பாற்றவில்லை. கொந்தளிப்பு பெரிதாக இருந்தால் எந்த விமானமும் அதற்குச் சின்னதுதான். ஏடிஆரில் பெல்ட்டைக் கழற்ற யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. பயமே கட்டி வைத்துவிடும். பெரிய விமானத்தில்தான் சாப்பாடு முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கழிவறைப் பக்கம் நின்று ஊர்க்கதை பேசுவது, காலை நீட்டித் தூங்குவது எல்லாம். ஆடாததால் வரும் அலட்சியம் அது. அதைத்தான் நான் ஆபத்து என்கிறேன்.

இன்னொன்று, பெரிய விமானம் தானே டர்புலன்ஸை உண்டாக்கும். 2017 ஜனவரியில் அரபிக்கடல் மேல் ஒரு ஏ380, தனக்கு ஆயிரம் அடி கீழே எதிரில் வந்த சின்ன சேலஞ்சர் ஜெட்டைக் கடந்தது. அது விட்டுச்சென்ற சுழலில் சேலஞ்சர் உருண்டு பல ஆயிரம் அடி இறங்கி, மஸ்கட்டில் போய் இறங்கியது. அதன் பிறகு அந்த ஜெட் பறக்கவே இல்லை. ஏ380-இல் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அத்தைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: காலை விமானம் பாருங்கள், மதியத்துக்கு மேல் வேண்டாம். சீட் இறக்கைக்குப் பக்கத்தில் எடுங்கள். எந்த விமானத்திலும் வால் பக்கம்தான் அதிகம் ஆடும், நீளமான பெரிய விமானத்திலும் அப்படித்தான். ஏடிஆரில் இறக்கைப் பக்கம் காத்தாடிச் சத்தம் காதைத் துளைக்கும். சத்தமா, ஆட்டமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.